சூசைரட்ணத்தின் பிரஷரும் பவுலினின் கேசட்டும்

லிந்துலைக்கு மேலே ஊசிக்கல் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், 1987ஆம் ஆண்டு முழுவதும் மக்கள் கவனமாகப் பின்தொடர்ந்த இலக்கங்கள் இரண்டு. அவை தேர்தல் முடிவுகளோ லொத்தர் சீட்டு எண்களோ அல்ல. சூசைரட்ணத்தின் இரத்த அழுத்தத்தின் மேல் இலக்கமும் கீழ் இலக்கமும்தான்.

செவ்வாய்க்கிழமை தோறும் அவர் டிஸ்பென்சரியிலிருந்து படியிறங்கி வருகையில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். நூற்று நாற்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு என்று அவரும் ஒளிக்காமல் சொல்லுவார். மத்தியானத்துக்குள் அது தொழிற்சாலைக்குப் போய், பின்னேரம் பங்களாக் குசினி வரைக்கும் எட்டிவிடும். மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்குமுன்பே, அந்த இலக்கம் கூடியதா குறைந்ததா என்று ஒரு சிறிய விவாதம் நடக்கும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கூட அதில் குறுக்கிடுவதில்லை.

இந்தப் புகழ் சூசைரட்ணத்தைத் தேடி வந்தது மாசி மாதத்தில். வயது ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் சூட்டுமானி சரியாக இருக்க, அவர் கீழே விழுந்தார். முதலில் அது வாயுவென்று எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானித்து இஞ்சியும் சோடாவும் கொடுத்தார்கள். வாயு கேட்கவில்லை. அதன் பிறகு தலவாக்கலை, நுவரெலியா, கண்டி, கொழும்பு என்று, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஆயுளில் கிடைக்காத பதவி உயர்வெல்லாம் நான்கு நாளில் கிடைத்தது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டாக்டர்கள் அவருடைய நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து நரம்பை எடுத்து, அடைபட்ட குழாய்க்குப் பக்கத்தில் மாற்றுவழி போட்டுத் தைத்தார்கள். பைபாஸ் என்று அதற்குப் பெயர். தோட்டத்தில் அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. மண் சரிந்து ரோட்டை மூடினால் பக்கத்தில் சுற்றுவழி வெட்டுவது அவர்கள் அறியாததா?

காலில் இருந்த நரம்பு நெஞ்சில் இருப்பதைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. அது மலையேறிப் பழகிய நரம்பு, சும்மா இருக்காது, நெஞ்சு இனிமேல் தானாகவே மேட்டுக்கு நடக்கப் பார்க்கும் என்றார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி. அதை மறுக்கத் தேவையான படிப்பு அந்த லயத்து வரிசை வீடுகளில் எவருக்கும் இல்லை.

கொழும்பு டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு தாதி தமிழில் சொல்லி அனுப்பியிருந்தாள். புதுவழி போட்டிருக்கிறது, அதற்குள் இரத்தம் வேகமாக அடித்தால் அந்த வழியும் கெட்டுப்போகும். பிரஷர் நூற்று நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் கீழே நிற்க வேண்டும். உப்பு, கருவாடு, சுருட்டு, கோபம் நான்கும் கூடாது. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும். சூசைரட்ணம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோபம் என்ற இடத்தில் மட்டும், இந்தத் தாதி லயத்தில் குடியிருந்தவள் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. இரண்டு முழம் இடைவெளி விட்டு நின்றுவிடும். வெள்ளைக்காரன் காற்றோட்டத்துக்காக அப்படிக் கட்டினான் என்பார்கள். காற்று எவ்வளவு ஓடியதோ தெரியாது, பேச்சு நன்றாக ஓடியது. சூசைரட்ணமும் பவுலினும் இருபத்துநான்கு வருடம் குடித்தனம் செய்தது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு. நல்ல மனுசி, கேட்டால் உயிரைக் கொடுப்பாள், கேட்காவிட்டால் பதிலைக் கொடுப்பாள். நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று பவுலின் புருசனிடம் கேட்டால், தன்னிடம் கத்தரிக்காய் இருக்கிறது, வேண்டுமா என்று சுவருக்கு மேலாகப் பதில் வரும். நெஞ்சு கொஞ்சம் வலிக்கிற மாதிரி இருக்கிறது என்று சூசைரட்ணம் மெல்லச் சொன்னால், பவுலின் வாயைத் திறக்குமுன் ஓமத்தண்ணீர் வந்து சேரும். புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்றையும் அவர்கள் இருபத்துநான்கு வருடத்தில் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

அதனால்தான் பவுலினுக்கு அந்த ஆசை வந்தது. லிந்துலை டவுனைத் தாண்டி ரோடு வளையும் இடத்தில் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு வீடு. பெரிதாக வேண்டாம். சுவர் கூரையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இருந்தது, பாஸ்போர்ட் எடுக்கலாம், 1985 ஐப்பசியில் அவள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். புருசனோடு தனியாக நாலு வார்த்தை பேசுவதற்காக ஒரு பெண் மூவாயிரம் மைல் தள்ளிப் போன வரலாறு ஊசிக்கல் தோட்டத்தைத் தவிர வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

தலவாக்கலை ஸ்டேஷனில் அவளை வழியனுப்பப் பதினெட்டுப் பேர் போனார்கள். கோச்சி அசையும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவரைப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பதினெட்டு முகங்களையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலே மிளகாய் காய்கிறது, எடுத்து வையுங்கள் என்றாள். சூசைரட்ணம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அடுப்புக்கு மேலே மிளகாய் இல்லை. சொல்ல வந்தது என்ன என்பதை அவர் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

குவைத்திலிருந்து காசு வரும், அதில் அந்தத் துண்டு நிலத்தில் சுவர் எழும்பும். கடிதம் வராது. பவுலினுக்கு எழுத்து வராது. அவருக்கும் கையெழுத்து மட்டும்தான். ஆகவே கேசட் வந்தது. ஊருக்குத் திரும்பும் ஒருத்தியிடம் அவள் ஒரு டேப் ரெக்கோடரைக் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் பேசி அனுப்புவாள். இவர்கள் கேட்டுவிட்டு, வேறொரு கேசட்டில் பேசி அனுப்புவார்கள். இவர்கள் என்றால் லயம். கேசட் கேட்பது தனி மனித விவகாரம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சூசைரட்ணத்தின் காம்பராவில் முப்பது பேர் கூடுவார்கள். சாமியார் பிரசங்கத்துக்குக் கூட அவ்வளவு அமைதி கிடைத்ததில்லை. பவுலின் முதலாம் நம்பர் வாசலில் தொடங்கி வரிசையாக எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பாள். மாயாண்டியண்ணனின் பசு கன்று போட்டதா, அம்மாக்கண்ணக்காவின் முழங்கால் எப்படி என்று. ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த கேசட் வரும் வரைக்கும் அந்த வாசல் இந்த வாசலோடு பேசாது. இதெல்லாம் பவுலினுக்குத் தெரியும். ஆகவே புருசனின் முறை வருவதற்குள் கேசட் முடிகிற நேரமாகிவிடும். மருந்து தவறாமல் குடியுங்கள், உப்பு வேண்டாம், சேசு மரி காப்பாற்றட்டும். டக்கென்று பட்டன் எகிறும்.

உடனே அம்மாக்கண்ணு திரும்பி, கேட்டீர்களா அண்ணே, உப்பு வேண்டாமென்கிறாள் என்று அவருக்கு மொழிபெயர்ப்பாள்.

சூசைரட்ணம் கேட்டதென்னவோ உப்பைப் பற்றித்தான். ஆனால் அவருடைய காது தேடியது வேறு. ஐப்பசியோடு ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாளா, அந்த வீட்டம்மா திரும்பவும் கையெழுத்து வாங்கி இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளப் போகிறாளா? இதை அவர் கேட்கவில்லை. முப்பது பேர் நடுவில், ஐம்பத்துமூன்று வயதில், எப்போது வருகிறாய் என்று பெண்சாதியிடம் ஒரு பெட்டிக்குள் கேட்பதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளும் சொல்லவில்லை. காரணம் அதே முப்பது பேர்தான்.

இந்த இடத்தில் தோட்டத்து டாக்டரய்யா சிவசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிஸ்பென்சரியைத் தனியாக நடத்துபவர் அவர். இருமலுக்கு ஒரு போத்தல், வயிற்றுக்கு ஒரு போத்தல் என்று முப்பது வருடம் இரண்டு போத்தல்களோடு காலம் தள்ளியவருக்கு, பைபாஸ் செய்த நெஞ்சொன்று கையில் கிடைத்தது பெரிய பாக்கியம். கோடுபோட்ட கொப்பி ஒன்று வாங்கினார். அதன் அட்டையில் சூசைரட்ணம் என்று சிவப்பு மையில் எழுதினார். பிரஷர் பார்க்கும் பாதரசப் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

ஆராய்ச்சியின் முதற் கண்டுபிடிப்பு படிகள். டிஸ்பென்சரி நூற்றிருபத்தாறு படிக்கு மேலே இருந்தது. மூச்சிரைக்க ஏறி வந்தவுடன் கையைக் கட்டிப் பார்த்தால் நூற்று எழுபது காட்டியது. பயந்துபோன டாக்டரய்யா மருந்தைக் கூட்டினார். மறுநாள் சூசைரட்ணம் எழுந்தவுடன் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது: மெதுவாக ஏறி வந்து, அரைமணி நேரம் வாங்கில் உட்கார்ந்து, பேசாமல், காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி இருந்த பிறகுதான் பார்ப்பது. உண்மையில் நல்ல விதி. இலக்கம் இருபது இறங்கியது.

இரண்டாவது கண்டுபிடிப்பு மாத்திரைகள். ஒரு மாதத்துக்கென்று கொடுத்தவை பதினெட்டு நாளில் தீர்ந்தன. விசாரணையில், லயத்தில் பாதிப்பேர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த வாசலில் மிளகாய் கேட்டால் கொடுப்பதுபோல, தலைவலி, இடுப்புவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் சூசைரட்ணம் இரண்டிரண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொழும்பு மாத்திரை நல்ல மாத்திரை என்று பேர். மாயாண்டி இரண்டைப் போட்டுக்கொண்டு மதியம் கவ்வாத்து மலையிலேயே படுத்துவிட்டார்.

"கேட்டா இல்லேன்னு எப்புடிங்கய்யா சொல்றது?" என்றார் சூசைரட்ணம்.

"ஒன் நெஞ்சக் கேட்டாலும் கழட்டிக் குடுப்பியாய்யா?" என்றார் டாக்டரய்யா. மாத்திரைப் போத்தலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

சித்திரையிலும் வைகாசியிலும் எல்லாம் ஒழுங்கானது. நூற்று முப்பத்துநான்கு, எண்பத்தாறு. தோட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. வைகாசிக் கடைசி ஞாயிறு கேசட் வந்து, முப்பது பேர் கூடிக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை நூற்று அறுபத்தெட்டு, நூற்று நான்கு. கருவாடு தின்றாயா என்று கேட்டார் டாக்டரய்யா. அந்தோனியார் மேல் ஆணையாக இல்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். பங்குனியில் ஒரு கேசட். அந்த வாரமும் ஏறியிருந்தது. சிவப்பு மையால் இரண்டையும் வட்டமிட்டார். தான் எதையோ உலகத்துக்கு முதன்முதலாகக் கண்டுபிடித்துவிட்டதை உணர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தீர்ப்பு இதுதான்: கேசட் கேட்பது பிரஷரை ஏற்றுகிறது. ஆகவே உப்பு, கருவாடு, சுருட்டு, கோபம் ஆகியவற்றோடு பவுலினின் குரலும் விலக்கப்பட்டது. அடுத்த கேசட் ஆடி மாதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, டாக்டரய்யா அதைத் தபால் பையிலிருந்தே வாங்கிப்போய், டிஸ்பென்சரியின் கண்ணாடி அலுமாரியில், பூச்சி மருந்துக்கும் டிங்சருக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

லயம் துக்கம் அனுசரித்தது. தன் முழங்காலைப் பற்றி என்ன கேட்டிருக்கிறாளோ என்று அம்மாக்கண்ணு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. சூசைரட்ணத்தின் நெஞ்சு அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதற்குக் கெடுதல் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

சூசைரட்ணமும் எதிர்க்கவில்லை. தொழிற்சாலை வாசலில் இலேசான காவல் வேலை கொடுத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று விரலை மடக்குவார். செவ்வாய்க்கிழமைகளில் குறித்த நேரத்துக்கு முன்பே படியேறிப் போய், அரைமணி நேர வாங்கில் ஒரு மணிநேரம் உட்காருவார். வாங்குக்கு நேரே அலுமாரி. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கேசட். அதன் உறையில் நீலப் பேனையால் யாரையோ கொண்டு எழுதுவித்த அவருடைய பெயர். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அதற்குள் இருக்கிறது. அவள் குரல் இரண்டு அடி தூரத்தில் சுருண்டு கிடக்க, அவர் காலைத் தரையில் ஊன்றி, பேசாமல், ஆடாமல், பிரஷர் ஏறாமல் இருக்க முயற்சி செய்தார்.

ஏறியது. நூற்று எழுபது. அடுத்த வாரம் நூற்று எழுபத்தாறு, நூற்று எட்டு.

டாக்டரய்யாவின் கண்டுபிடிப்புக்கு இது பெரிய அடி. கேசட் கேட்டாலும் ஏறுகிறது, கேட்காவிட்டாலும் ஏறுகிறது. மாத்திரையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. மூன்றாவது வாரம் கொப்பியை மூடிவைத்துவிட்டு, முதல்முறையாகக் கொப்பியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார்.

"என்னாய்யா சூசை. என்னாத்த நெனச்சுக்கிட்டு இருக்க?"

சூசைரட்ணம் அலுமாரியைப் பார்த்தார். டாக்டரய்யாவும் அலுமாரியைப் பார்த்தார். பிறகு, அடுத்த செவ்வாய் டேப் ரெக்கோடரைக் கொண்டுவரும்படியும், கையில் பட்டியைக் கட்டிவைத்துக்கொண்டே கேசட்டைப் போட்டு, எந்த இடத்தில் ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று தாம் அளந்து பார்க்கப் போவதாகவும் அறிவித்தார். விஞ்ஞான முறைப்படி.

செவ்வாய் காலை பதினொரு பெண்களுக்கு இருமல் வந்தது. எல்லோரும் அம்மாக்கண்ணுவின் தலைமையில் டிஸ்பென்சரிப் படியில் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டரய்யா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். சோதனைக்கு அமைதி வேண்டும். அலுமாரியைத் திறந்து கேசட்டை எடுத்தார். சூசைரட்ணத்தின் இடது கையில் பட்டியைச் சுற்றினார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். முழங்கை மடிப்பில் குமிழை வைத்துக்கொண்டு, போடு என்று சைகை காட்டினார்.

முதலாம் நம்பர் வாசல் வரவில்லை. மாயாண்டியின் பசு வரவில்லை. எங்கோ தண்ணீர்க்குழாய் திறந்துவிட்ட இரைச்சல் கேட்டது. அதற்குள்ளிருந்து, வாயைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிற மாதிரி, பவுலினின் குரல் மெல்ல வந்தது.

"ஏங்க. இது ஒங்களுக்கு மட்டுந்தான். மத்தவங்களுக்கு வேற ஒண்ணு பேசி அனுப்புறேன். இத அவுங்க முன்னால போட்டுறாதீங்க."

போட்டிருப்பார். தடை மட்டும் இல்லாதிருந்தால் ஞாயிறு பூசை முடிந்து முப்பது பேருக்கு நடுவில் போட்டிருப்பார். சூசைரட்ணத்தின் முதுகு வேர்த்தது. சட்டென்று டாக்டரய்யாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரய்யாவின் இரண்டு காதிலும் குழாய் அடைத்திருந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் டொக்கு டொக்கென்று சூசைரட்ணத்தின் நாடி ஒன்றுதான். கண்ணைப் பாதரசத்தில் வைத்து, உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தார். காற்றை அடித்தார், விட்டார், ஓர் இலக்கத்தை எழுதினார், மறுபடி அடித்தார்.

"குளிக்கிற ரூமுல தண்ணிய தொறந்துவிட்டுட்டுப் பேசுறேன். மேடம் அடுத்த மாசம் கையெழுத்துக் கேக்குறாங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்கு. போட்டா நம்ம வூட்டுக்குக் கூரை வந்துரும். போடாட்டி செவரோட நிக்கும். செவரு வந்துருச்சு, கூரையில்லாமப் போச்சேன்னு எனக்கும் மனசுக்கு ஆகல. ஆனா ஒங்கள நெஞ்ச அறுத்தாங்கன்னு கேட்டதுல இருந்து எனக்கு வேற ஒண்ணும் ஓடலங்க. அந்தத் தையல ஒரு தடவ தொட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்."

தண்ணீர் ஓடியது. அவள் மூச்சுவிடுவது கேட்டது.

"நீங்க வான்னு ஒரு வார்த்த சொன்னா வந்துருவேன். சொல்லாட்டிப் போட்டுருவேன். எதக் கேட்டாலும் ஒன் இஷ்டம்னு சொல்லுவீங்களே, இந்தத் தடவ அத மட்டும் சொல்லிறாதீங்க. என்னோட இஷ்டத்தத்தான் சொல்லிட்டேனே."

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனால் அவள் பட்டனை அமுக்கவும் இல்லை. தண்ணீரும் மூச்சும் மட்டும், இன்னும் கொஞ்ச நேரம். இருபத்துநான்கு வருடத்தில், வேறு யாரும் பதில் சொல்லாமல் பவுலின் அவர் பக்கத்தில் சும்மா இருந்த முதல் நேரம் அது. சூசைரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரய்யா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். எழுதியதை வாய்விட்டு வாசித்தும் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. தொடக்கத்தில் நூற்று எழுபத்திரண்டு. நடுவில் நூற்று ஐம்பது. கடைசியில், ஒன்றுமே பேசாத இடத்தில், நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. முப்பது பேரைக் கூட்டிவைத்துக் கேட்டால் ஏறுகிறது, கேட்காவிட்டால் இன்னும் ஏறுகிறது, ஒற்றையாகக் கேட்டால் இறங்குகிறது. இப்படிப்பட்ட மருந்தைப் பற்றி அவருடைய புத்தகங்கள் எதிலும் எழுதியிருக்கவில்லை.

"அய்யா, இப்பவே பதில் பேசணும்," என்றார் சூசைரட்ணம். "லயத்துக்குப் போனா முடியாது."

"வேற கேசட் இருக்கா?"

"வூட்டுலதான் இருக்கு. எடுக்கப் போனா எல்லாருங் கூடவே வந்துருவாங்க."

டாக்டரய்யா மணிக்கூட்டைப் பார்த்தார். தபால் பை பதினொன்றுக்கு இறங்கும். பத்து நாற்பது. இதே கேசட்டின் மறுபக்கத்தில் பேசினால், அவள் குரலும் அதோடு குவைத்துக்கே திரும்பிப் போய்விடும் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். வேண்டுமானால் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அடுத்த வாரம் பதில் அனுப்பலாம் என்றும் சொன்னார்.

சூசைரட்ணம் கேசட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டால் ஒரு வாரம் போகும். அங்கே அவள் பேனையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் அதைத் திருப்பிப் போட்டார்.

அப்போது டாக்டரய்யா செய்த காரியம் எந்த வைத்திய நூலிலும் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டினார். குமிழைத் தன்னுடைய சட்டைக்குள் விட்டுத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, சாத்திய ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். பார்ப்பதற்கு, முப்பது வருடமாக விட்டுப்போன ஒரு நோயாளியை இன்றைக்குத்தான் சோதிக்கிறவர்போல இருந்தது.

சூசைரட்ணம் சிவப்புப் பட்டனை அமுக்கினார். தொண்டையைச் செருமினார். தனியாகப் பேசுவதற்கு இருபத்துநான்கு வருடம் ஏங்கிய மனிதருக்கு, தனிமை கிடைத்தவுடன் ஒரு சொல்லும் வரவில்லை.

"பவுலினு," என்றார். "மேல நூத்தி முப்பத்தெட்டு. கீழ எம்பத்தாறு."

கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பதினொரு பெண்களும் இருமலை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தார்கள். அவர் பெட்டியைத் தூக்கி வாயோடு வைத்துக்கொண்டார்.

"கூரை வேணாம். நீ வா."

அதன் பிறகு பேச ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் பட்டனை அமுக்கவில்லை. அவள் செய்ததைப் போலவே, பெட்டியை நெஞ்சோடு, தையலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டரய்யா தானே கேசட்டை உறையிலிட்டு, ஒட்டி, முகவரி எழுதி, மருந்துப் பொட்டலம் மாதிரி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

கதவு திறந்ததும் அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள்.

"என்னாண்ணே சொன்னுச்சு?"

"உப்ப கொறைக்கச் சொன்னுச்சு," என்றார் சூசைரட்ணம்.

எல்லோருக்கும் திருப்தி. நல்ல பிள்ளை, அத்தனை தூரத்தில் இருந்தும் மறக்கவில்லை பார் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்கள். பதினொரு இருமலும் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சூசைரட்ணம் அந்தக் குரலை நினைவில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு தடவைதான் கேட்டது. சொற்கள் எல்லாம் இருந்தன. தண்ணீர் இரைச்சல் இருந்தது. ஆனால் 'ஏங்க' என்று தொடங்கினாளே, அந்த ஏங்கவின் ஏற்றஇறக்கம் நாலு நாளில் நழுவப் பார்த்தது. காவல் கொட்டிலில் உட்கார்ந்து அதை மெல்லச் சொல்லிப் பார்ப்பார். ஆண்குரலில் அது சரியாக வரவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டார். இலக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இருபத்தாறாம் நாள் தந்தி வந்தது.

தோட்டத்தில் தந்தி என்றால் சாவு. ஆபீஸ் கிளாக்கர் அழகுமுத்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்தபோது, பின்னால் ஒரு கூட்டமும் ஓடி வந்தது. அம்மாக்கண்ணு ஒப்பாரிக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டாள். கிளாக்கர் எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் இரண்டு தரம் வாசித்துவிட்டு, தமிழில் பெயர்த்தார்: கையெழுத்துப் போடவில்லை. பவுலின். அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு சொல் இல்லை.

அன்று பின்னேரம் வரை லயம் வேறு வேலை பார்க்கவில்லை. சம்பளப் புத்தகத்தில் கையெழுத்து வாங்காமல் ஏமாற்றுகிறார்கள், யூனியனில் சொல்ல வேண்டும் என்றார் மாயாண்டி. இல்லை, ஏதோ பொய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பொலிஸ் அடிக்கிறது, அவள் போடமாட்டேன் என்று நிற்கிறாள் என்று அம்மாக்கண்ணு அழுதாள். நிலத்துப் பத்திரத்தில் தகராறு என்றார் அழகுமுத்து. சூசைரட்ணம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, இருக்கும், இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊசிக்கல் கீழ்ப்பிரிவு உண்டான நாள் முதலாக, ஒரு வாசலுக்குத் தெரிந்தது அடுத்த வாசலுக்குத் தெரியாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் படியேறிப் போய், அரைமணி நேரம் வாங்கில் இருந்தார். நூற்று இருபத்தெட்டு, எண்பத்துநான்கு. டாக்டரய்யா எழுதிவிட்டு, தந்தி விசயத்தைக் கேள்விப்பட்டதாகவும், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொன்னார். தன் காது அப்போது அடைத்திருந்ததையும் நினைவூட்டினார். நேற்று அம்மாக்கண்ணு தலைவலி என்று வந்தாளாம். பார்த்தால் நூற்று அறுபது, நூறு. இன்னொரு கொப்பி வாங்க வேண்டியிருக்கும்.

"ஒனக்கு இனி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாத்தாப் போதும்யா," என்றார்.

"இல்லங்கய்யா, வாரா வாரம் வர்றேன்," என்றார் சூசைரட்ணம் சட்டைக்கையை இறக்கிவிட்டபடி. "ஐப்பசிக்கு இன்னும் ஏழு செவ்வாக் கெழம இருக்கு."

டாக்டரய்யா கொப்பியைப் புரட்டி, வெறும் பக்கத்தில் ஒன்று முதல் ஏழு வரைக்கும் இலக்கமிட்டு, கோடு போட்டுக் கொடுத்தார்.